ஹெர்ஷல் படிக்காத வரி

போன் அடித்தது.

சமையலறைச் சுவரில் தொங்கிய பழைய போன். அடித்துக்கொண்டே இருந்தது... ஓடெல் ஸ்டாம்பர் எழுந்திருக்கவில்லை.

யார் என்று அவனுக்குத் தெரியும். எடுத்தால் முதலில் ஒரு மெஷின் குரல் பேசும். மாநிலச் சிறையிலிருந்து ஒரு கைதி உங்களோடு பேச விரும்புகிறார், சம்மதம் என்றால் ஐந்தை அழுத்தவும் என்று சொல்லும்.

அந்தக் கைதி அவனுடைய தம்பி வெர்லின்.

பதினோரு வருஷமாக ஓடெல் ஐந்தை அழுத்தியதில்லை.

கொலை செய்தவன் தம்பி. அதையாவது பொறுத்திருப்பான். கொலை செய்துவிட்டு அண்ணனிடமே பொய் சொன்னானே... அதுதான் ஆறவில்லை.

போன் ஓய்ந்தது.

ஓடெல் கையில் ஒரு கடிதம். பள்ளிக்கூட அலுவலகத்திலிருந்து வந்தது. முப்பது வருஷம் ரோட்டில் தார் கொட்டி முட்டி போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மனுப் போட்டிருந்தான். அதற்கான பதில்.

கடிதத்தை மேஜையில் விரித்தான். ஆள்காட்டி விரலை முதல் எழுத்தின் மேல் வைத்தான்.

படித்தான்!

டன்மோர் கவுண்டியில், அந்தச் சின்ன அமெரிக்க மாவட்டத்தில், ஒருவருக்கும் தெரியாத ரகசியம் இது. ஐம்பத்தேழு வயசு வரை எழுத்துத் தெரியாத ஓடெல், இரண்டு குளிர்காலமாக ஊர் நூலகத்தில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போய் உட்கார்ந்து படிக்கக் கற்றிருந்தான். உயிர் நண்பன் ஹெர்ஷல் கூம்ஸிடம்கூடச் சொல்லவில்லை.

ஹெர்ஷல் வரும் நவம்பரில் ஜெயிலர் தேர்தலில் நிற்கிறான். அந்தக் கவுண்டியில் ஜெயிலரை ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அவன் ஜெயித்ததும் பேப்பரில் வரும் செய்தியை உரக்கப் படித்துக்காட்டி அவனை வாயடைக்க வைக்க வேண்டும் என்பது ஓடெலின் திட்டம். நாற்பது வருஷமாக ஓடெலுக்கு வரும் ஒவ்வொரு காகிதத்தையும் படித்துச் சொன்னவன் ஹெர்ஷல்தான்.

விரல் மெதுவாக நகர்ந்தது. வருந்துகிறோம்... உங்கள் பின்னணியை விசாரித்ததில்... ஒரு கைது...

விரல் நின்றது.

கைதா? எனக்கா?

ஆஷ்பி கவுண்டி ஜெயில். பொது இடத்தில் குடிபோதை. ஓடெல் ஸ்டாம்பர். பிறந்த தேதி சரி. அடைத்த நேரம் இரவு 8.50. தேதி...

தேதியை மூன்று தடவை படித்தான்.

அக்டோபர் பத்தொன்பது. பதினோரு வருஷத்துக்கு முந்தைய அக்டோபர் பத்தொன்பது.

பழைய இரும்புக் கடை ராஸ்கோ டட்டில் மண்டை உடைந்து செத்த ராத்திரி!

போன் மறுபடி அடித்தது.

இந்த முறை ஓடெல் ஐந்தை அழுத்தினான்.

எடுக்க மாட்டான் என்று நினைத்தே போன் போட்டுப் பழகியவன், எடுத்தது அண்ணன்தானா என்று இரண்டு தடவை கேட்டான்.

"அண்ணே..." என்றான் வெர்லின்.

"அன்னிக்கு ராத்திரி ஆஷ்பில என்ன பேரு குடுத்த?"

"உன் பேருதான். இன்னொரு குடி கேஸ் வந்தா லாரி லைசென்ஸ் போயிரும்னு உன் பேரைக் குடுத்தேன். அப்பவே சொன்னேனே அண்ணே. வக்கீல்கிட்ட சொன்னேன், அவன் தேடவே இல்ல. உன்கிட்ட சொன்னேன். நீயும் ஹெர்ஷலும் போய்ப் பாத்துட்டு, அப்படி ஒரு காகிதமே இல்லன்னு வந்து சொன்னீங்க."

"ஹெர்ஷல் படிச்சுச் சொன்னான்."

"ஆமா. அவன்தான் படிச்சான்."

வெர்லின் அவசர அவசரமாகச் சொன்னான். நாளைக் காலை ஒன்பது மணிக்கு நீதிபதி அவனுடைய மனுவைக் கேட்கிறார். கடைசி மனு. புது ஆதாரம் இருந்தால் கேட்பார், இல்லையென்றால் ஃபைலை மூடிவிடுவார். அப்புறம் இருபத்தாறு வருஷம் பாக்கி. அந்த ராத்திரி ஆஷ்பி ஜெயிலில் கிடந்தது ஓடெல் இல்லை, வெர்லின்தான் என்று காட்ட ஒரு காகிதம் வேண்டும். பேர் மட்டும் போதாது. ஜெயிலில் எடுத்த போட்டோ வேண்டும்.

"நேரம் முடியுதுண்ணே. நீ எடுப்பேன்னே நான்..."

மெஷின் லைனைத் துண்டித்தது.

வாசலில் ஹார்ன் சத்தம்.

ஹெர்ஷல்! வேலைக்குக் கூட்டிப் போகத் தினமும் வருகிறவன். டிரக்கின் பின்னால் அவன் பேர் அச்சடித்த தேர்தல் பலகைகள் அடுக்கியிருந்தன. 'நேர்மைக்கு ஒரு ஜெயிலர்' என்று அதில் எழுதியிருந்ததை ஓடெல் போன வாரமே ரகசியமாகப் படித்துவிட்டுப் பூரித்திருந்தான்.

டிரக்கில் ஏறினான். கடிதத்தை நீட்டினான். சந்தேகப்பட்டு நீட்டவில்லை. தான் தப்பாகப் படித்திருக்கலாம் என்றுதான் நீட்டினான். நேற்று வந்த எழுத்து. அதை எப்படி நம்புவது?

"ஸ்கூல்லேருந்து வந்துருக்கு. என்னன்னு பாருடா."

ஹெர்ஷல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். பாதியில் அவன் கண் ஒரு இடத்தில் நின்றது. அப்புறம் கீழே ஓடியது.

"அந்த வேலைக்கு வேற ஆளைப் போட்டுட்டாங்களாம்டா. உனக்கு வயசு ஜாஸ்தியாம். விடு, நான் ஜெயிலரானா உன்னை சமையக்கட்டுல சேத்துக்கறேன். பீன்ஸ் கிண்டத் தெரியும்ல?"

"கைது கிய்துன்னு ஏதாச்சும் போட்டுருக்கா?"

"கைதா? யாரு சொன்னா?"

"இல்ல... சும்மா கேட்டேன்."

ஹெர்ஷல் கடிதத்தை நான்காக மடித்தான். திருப்பித் தரவில்லை. தன் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான். தானே போய் அவர்களிடம் நியாயம் கேட்கப் போவதாகச் சொன்னான்.

ஓடெல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தன் எழுத்துத் தப்பா... அல்லது நண்பனின் வாய் தப்பா?

ஆஷ்பி கவுண்டி மலைக்கு அந்தப் பக்கம். மத்தியானம் தார் லாரி ஒன்று அங்கே போனது. ஓடெல் அதில் தொற்றிக்கொண்டான். ஹெர்ஷலிடம் சொல்லவில்லை.

முதலில் ஷெரிப் ஆபீஸ். பேர், பிறந்த தேதி, கைதான தேதி மூன்றையும் கேட்டார்கள். நாங்கள் பிடிப்பதோடு சரி, வழக்குக் காகிதம் கோர்ட் கிளார்க்கிடம் இருக்கும் என்று எதிர்க் கட்டடத்தைக் காட்டினார்கள்.

கோர்ட் கிளார்க் ஆபீசில் பொதுமக்களுக்கு என்று ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். ஓடெல் தன் பேரை எழுத்து எழுத்தாகத் தட்டினான். தன் பேரைத் தானே தட்டி வரவழைத்ததில் ஒரு நொடி பெருமைகூட வந்தது. வந்த வரியைப் பார்த்ததும் அது போய்விட்டது. வழக்கு எண் இருந்தது. அபராதம் கட்டி முடித்த விவரம் இருந்தது. காகிதம் இல்லை. சின்ன வழக்குக் காகிதங்களைப் பத்து வருஷத்தில் அழித்துவிடுவார்களாம். போட்டோ எப்போதுமே இங்கே வராது, அது ஜெயிலோடு நின்றுவிடும் என்றாள் அங்கிருந்த பெண்.

மணி ஒன்றரை.

ஜெயிலின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல். அதற்குப் பின்னால் மிஸ் நெல்டா. முப்பத்தொரு வருஷமாக ஆவணப் பிரிவில் உட்கார்ந்திருப்பவள். வெள்ளை முடி, கழுத்தில் சங்கிலி கட்டிய கண்ணாடி.

"அந்த வருஷத்து பதிவெல்லாம் போச்சுங்க மிஸ்டர் ஸ்டாம்பர். ரெண்டு வருஷம் முன்னாடி மெஷின்ல குடுத்துக் கத்திரிச்சாச்சு. போட்டோவும் சேத்துத்தான்."

ஓடெல் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டான். தார் அப்பிய விரல்கள் கட்டையில் கறுப்பாகப் பதிந்தன.

"நாளைக்கு ஒம்போது மணிக்கு என் தம்பிக்குக் கடைசி விசாரணை மேடம்."

நெல்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி யாராவது இந்தக் காகிதத்தைக் கேட்டு வந்தாங்களா?"

"வந்தோம். நானும் என் நண்பனும். பதினோரு வருஷம் முன்னாடி. எதுவும் இல்லன்னு சொல்லிட்டீங்க."

"நான் சொன்னேனா?"

"ஹெர்ஷல்... என் நண்பன்தான் படிச்சுச் சொன்னான்."

நெல்டா எழுந்தாள். ஒரு காகிதத்தை யாராவது கேட்டால், அப்படிக் கேட்டார்கள் என்பதும் ஒரு காகிதம் ஆகிவிடும் என்றாள். யார் கேட்டது, என்ன பதில் கொடுத்தோம், எதைக் கொடுத்தோம், எல்லாம் தனி ஃபைல். ஜெயில் பதிவைக் கத்திரிக்கச் சொன்னவர்கள் அந்த ஃபைலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அவளும் ஒன்றும் சொல்லவில்லை. கீழே நிலவறையில் பெட்டி பெட்டியாக இருக்கிறது.

"நாலரைக்கு ஜன்னலை மூடணும். பெட்டி நூத்துக்கும் மேல இருக்கு. நீங்க இங்கயே இருங்க."

ஓடெல் மர பெஞ்சில் உட்கார்ந்தான். பக்கத்தில் மகனை ஜாமீனில் எடுக்க வந்த ஒரு அம்மாள் சோளரொட்டி நீட்டினாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தான்.

இரண்டு மணி... இரண்டரை... மூன்று...

மூன்று பத்துக்கு நெல்டா வந்தாள். முழங்கையெல்லாம் தூசி. கையில் ஒரு மஞ்சள் ஃபைல்.

நான்கு தாள்.

முதல் தாள் மனு. இரண்டாவது, ஜெயில் கொடுத்த பதில். ஓடெல் விரலை வைத்துப் படித்தான். முதல் வரி தேதி. இரண்டாவது வரி அவன் பேர். மூன்றாவது வரி...

'பதிவு உள்ளது. இரண்டு பக்கம் முத்திரையிட்டு வழங்கப்பட்டது.'

அதன் கீழே, பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் ஒரு பெருக்கல் குறி. கோணலாக.

அவனுடைய குறி! அவனே போட்டது!

ஞாபகம் வந்தது. இதே ஜன்னல். கிளார்க் ஒரு கவரை நீட்ட, ஹெர்ஷல் அதை வாங்கிக்கொண்டு, 'தேடினாங்களாம், கிடைக்கலயாம், அதுக்குத்தான் கையெழுத்துக் கேக்கறாங்க, இங்க ஒரு குறி போடுடா' என்றான். ஓடெல் போட்டான். திரும்பி வரும் வழியெல்லாம் ஹெர்ஷல் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தான். தம்பிகள் இப்படித்தான், மனசைத் தேத்திக்கோ என்றான்.

குறிக்குப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து. ஹெர்ஷல் கூம்ஸ்.

மூன்றாவது தாளும் நான்காவது தாளும், அன்று கொடுத்த இரண்டு பக்கத்தின் நகல். ஒன்றில் போட்டோ. வீங்கிய உதடு. அரைத் தூக்கக் கண்.

வெர்லின்.

கீழே ஓடெலின் பேர்.

அடுத்த பக்கத்தில் விடுவித்த விவரம். காலை 6.10. அழைத்துச் சென்றவர் ஹெர்ஷல் கூம்ஸ்.

கோர்ட்டில் பைபிள் மேல் கை வைத்து ஹெர்ஷல் வேறு மாதிரி சொல்லியிருந்தான். அன்று ராத்திரி எட்டு மணிக்கு வெர்லின் தன்னை வீட்டில் இறக்கிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான், அப்புறம் மறுநாள் சாயங்காலம்தான் பார்த்தேன் என்று அழுதுகொண்டே சொன்னான். காலையில் என்னைக் கூட்டிப் போனதே இவன்தான் என்று வெர்லின் கத்தியதை யாரும் நம்பவில்லை, ஓடெலும்தான். ராஸ்கோ கடை வாசலில் பத்து மணிக்கு வெர்லினின் லாரி நின்றதை நாலு பேர் பார்த்திருந்தார்கள்.

லாரி நின்றது நிஜம். அதை ஓட்டிப் போனது யார்?

ஓடெல் ஃபைலை மூடினான். போன் பண்ணிக்கொள்ளலாமா என்று நெல்டாவிடம் கேட்டான். யாருக்கு என்று அவன் சொன்னதும் அவள் வேண்டாம் என்றாள். முத்திரை குத்தித் தருகிறேன், நேராக வக்கீலிடம் கொண்டுபோங்கள் என்றாள்.

"நாப்பது வருஷம் அவன் வாயாலதான் நான் படிச்சேன் மேடம். இதையும் ஒரு தடவை அவன் வாயால கேக்கணும்."

நெல்டா ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஏதோ மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. வந்து இரண்டு தாளை மட்டும் ஜன்னல் கட்டையில் வைத்தாள். ஆஷ்பி கோர்ட் பக்கம் நிற்கிறேன், வந்து கூட்டிப் போ என்று மட்டும் ஓடெல் ஹெர்ஷலிடம் போனில் சொன்னான்.

நாலு மணி அடித்து ஐந்து நிமிஷத்தில் ஹெர்ஷலின் டிரக் வந்து நின்றது. தேர்தல் சட்டையோடு இறங்கினான். வழியில் நின்றவர்களுக்குக் கையாட்டினான். ஓடெலைப் பார்த்ததும் சிரித்தான். ஜன்னலைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"இங்க என்னடா பண்ற?"

"தம்பி போன் பண்ணான். மனசு கேக்கல. மறுபடி தேடச் சொன்னேன், இதைக் குடுத்தாங்க. படிச்சுச் சொல்லேன்."

ஹெர்ஷல் தாளை எடுத்தான். கண்ணாடியை மாட்டினான்.

ஓடெல் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தான். தலைகீழாக இருந்தாலும் மூன்றாவது வரி எங்கே இருக்கிறது என்று இப்போது தெரியும்.

பொய் சொல்லாதேடா... சொல்லிவிடாதே...

"தேதி போட்டுருக்கு," என்றான் ஹெர்ஷல். "உன் பேரு போட்டுருக்கு. அப்புறம்... எந்தப் பதிவும் இல்லன்னு போட்டுருக்கு. அன்னிக்குச் சொன்னதேதான்டா. வா போலாம்."

"இன்னொரு தடவை படி."

"எத்தனை தடவை படிச்சாலும் அதேதான்."

"மூணாவது வரியை விட்டுட்ட."

ஹெர்ஷல் நிமிர்ந்தான்.

ஓடெல் தார் படிந்த விரலை நீட்டித் தாளின் மேல் வைத்தான். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, திக்கித் திக்கிப் படித்தான்.

"பதிவு... உள்ளது. இரண்டு பக்கம்... முத்திரையிட்டு... வழங்கப்பட்டது."

ஜெயில் சுவருக்குள்ளே எங்கேயோ ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"உனக்கு எப்படா..." என்றான் ஹெர்ஷல்.

"நீ ஜெயிச்சா பேப்பர்ல படிச்சுக் காட்டலாம்னு கத்துக்கிட்டேன்."

ஹெர்ஷல் முகம் வெளுத்தது. கண் இரண்டாவது தாளுக்குப் போனது. போட்டோ! அடுத்த வினாடி இரண்டு தாளையும் சேர்த்துப் பிடித்துக் கிழித்தான். நாலாக, எட்டாக... போட்டோ இருந்த துண்டை வாயில் போட்டு மென்றான். தேர்தலில் நிற்கிற ஒரு பெரிய மனுஷன், ஆடு சுவரொட்டியை மெல்வதுபோல் மென்றான்!

ஓடெல் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். அடிக்கக் கை ஓங்கினான். கை இறங்கவில்லை. அந்தச் சட்டைப் பைக்குள் காலையில் மடித்து வைத்த கடிதம் மொடமொடத்தது.

"என் தம்பிடா... பதினோரு வருஷம் அவன் போனை எடுக்க விடாம பண்ணிட்டியேடா."

ஹெர்ஷல் விழுங்கினான். வாயைத் துடைத்துக்கொண்டான்.

"இப்ப ஒண்ணும் இல்ல. போய் எதை வேணா சொல்லு. ஊருக்கு நீ எழுத்து தெரியாதவன். எவன் நம்புவான்?"

ஜன்னலுக்குள்ளிருந்து மிஸ் நெல்டா இருமினாள்.

"மிஸ்டர் கூம்ஸ், நீங்க சாப்பிட்டது நகல்."

ஹெர்ஷல் திரும்பினான்.

"பதினோரு வருஷம் முன்னாடி முத்திரை குத்தி நான் குடுத்தேனே, அதுவும் நகல்தான். அதை என்ன பண்ணீங்க, அடுப்புல போட்டீங்களா? இந்த மலைப்பக்கம் பாதிப் பேரு, முத்திரை இருந்தா அதுதான் அசல்னு நினைக்கறாங்க. நீங்க கேக்காமலே இருந்திருந்தா, அந்தப் பதிவு ரெண்டு வருஷம் முன்னாடி மெஷின்ல தூளாப் போயிருக்கும். நீங்க வந்து கேட்டதாலதான் என்கிட்ட பத்திரமா இருக்கு."

பேசிக்கொண்டே மேஜைக்கு அடியிலிருந்த மணியை அழுத்தினாள்.

ஜெயிலின் கனத்த கதவு திறந்தது. இரண்டு டெபுடி காவலர்கள் வந்தார்கள். அரசாங்கக் காகிதத்தைக் கிழித்த குற்றத்துக்கு முதலில் உள்ளே போட்டார்கள். மற்றதெல்லாம் அப்புறம் வந்தது.

உள்ளே பதிவு செய்யும் டெபுடி பேர் கேட்டபோது, நெல்டா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சொன்னாளாம்.

"சொந்தப் பேரைச் சொல்லுங்க மிஸ்டர் கூம்ஸ். இங்க வேற பேரு குடுத்தா அதைச் சரிபண்ண ரொம்ப நாளாகும்."

ஓடெல் சிரிக்கவில்லை. முத்திரை குத்திய கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். ஹெர்ஷலின் டிரக் அங்கேயே நின்றது. கால் பழக்கத்தில் அதன் கதவு வரைக்கும் போய்விட்டான். கைப்பிடியைத் தொட்ட பிறகுதான் நினைவு வந்தது. திரும்பி, மலை ரோட்டில் நடக்க ஆரம்பித்தான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு நீதிபதி நான்கு தாளையும் இரண்டு தடவை பார்த்தார். போட்டோவைப் பார்த்தார், கைதிக் கூண்டில் நின்ற வெர்லினைப் பார்த்தார். பன்னிரண்டு நாள் கழித்து வெர்லின் வெளியே வந்தான்.

ஹெர்ஷல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். மூடிய சுரங்கங்களிலிருந்து திருடிய செம்புக் கம்பியை ராஸ்கோவிடம் விற்றுவந்தான். ராஸ்கோ ஷெரிப்பிடம் சொல்லப் போவதாக மிரட்டினான். தன்னோடு ஆஷ்பிக்கு வந்த வெர்லினைப் போலீஸ் பிடித்துப் போன ராத்திரி, அவன் லாரியும் லாரியிலிருந்த இரும்புக் கம்பியும் ஹெர்ஷல் கையில் இருந்தன. அவ்வளவுதான்.

தேர்தல் வந்தது. ஓட்டுச் சீட்டு முன்பே அச்சாகிவிட்டதால் ஹெர்ஷலின் பேரை எடுக்க முடியவில்லை.

அந்த வியாழக்கிழமை காலை சமையலறையில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காபி. பதினோரு வருஷத்தை எந்தப் பக்கத்திலிருந்து பேச ஆரம்பிப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சுவரில் போன் சும்மா தொங்கியது.

ஓடெல் பேப்பரை விரித்து, விரலை வைத்துத் தேர்தல் முடிவை உரக்கப் படித்தான். ஜெயிலர் பதவி. ஹெர்ஷல் கூம்ஸ், ஒரு ஓட்டு.

வெர்லின் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அவனுக்கு எவண்ணே போட்டான்?"

"நான்தான்."

"உனக்கென்ன பைத்தியமா?"

ஓடெல் பேப்பரை மடித்தான்.

"ஜெயிலுக்குப் போகணும்னு ஊரெல்லாம் பலகை வச்சுக் கேட்டான்டா. நாப்பது வருஷ நண்பன்... ஒரு ஓட்டாவது போடலன்னா எப்படி?"